சீர்த்தட்டில் வந்த கீரை

காலையில் மகளைப் பள்ளிக்கு அனுப்புவதற்கு முன் அவளை ஜன்னலோரம் நிறுத்தி, கட்டைவிரலால் கீழிமையை மெல்ல இழுத்து உள்ளே பார்ப்பேன். அவளும் பழகிப்போய்த் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கண்ணை மேலே உருட்டிக்கொண்டு, வேன் வந்துவிடும் என்று முணுமுணுத்தபடி நிற்பாள். இமையின் உட்புறம் சிவந்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கணம் போதும். அந்த ஒரு கணத்தில் என் கட்டைவிரல் எனக்கு மாமாவின் கட்டைவிரலாகத் தெரியும். நகத்தைச் சுற்றி எப்போதும் கறுப்பேறிய விரல் அது. கரிசலாங்கண்ணியைக் கிள்ளிக் கிள்ளிச் சாறு ஊறிய கறை, என்ன சோப்பு போட்டாலும் போகாது. சின்ன வயதில் லீவுக்குக் கடலூர் போய் இறங்கியதும், பையை வாங்கி வைப்பதற்கு முன்பே அந்த விரல் என் கண்ணுக்குக் கீழே வந்துவிடும். பச்சை இலை வாசனையும் லேசான ஈரமும் இப்போதும் கன்னத்தில் இருக்கின்றன. "வெளுத்துக் கெடக்குறியே பாப்பா, உங்கம்மா உனக்குச் சோறு போடறாளா, சுண்ணாம்பு போடறாளா?" என்பார். அம்மா பக்கத்தில் நின்றாலும் அப்படித்தான் கேட்பார்.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. கடலூருக்குத் தெற்கே, சிப்காட் தொழிற்பேட்டையின் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது அவர் ஊர். பேட்டை வருவதற்கு முன்பிருந்தே எங்கள் குடும்பத்துக்கு அங்கே நிலம் உண்டு. பாதி கைமாறிப் போக, மிச்சத்தைப் பார்த்துக்கொண்டே மாமா ஒரு ரசாயனக் கம்பெனியில் ஷிப்டு வேலைக்கும் போய்வந்தார். அத்தை முதல் பிரசவத்திலேயே இறந்துபோனாள். உடம்பில் ரத்தம் போதவில்லை என்றார்கள். குழந்தையும் தங்கவில்லை. அத்தையின் கண் வெளுத்திருந்ததை அதற்கு முந்தைய வாரமே தான் பார்த்ததாகவும், வெயில் அசதி என்று நினைத்துவிட்டதாகவும் மாமா அம்மாவிடம் சொல்லி அழுததை நான் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறேன். அவர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாதப் பூசத்துக்கெல்லாம் வடலூர் போக ஆரம்பித்தார், வெள்ளை வேட்டிக்கு மாறினார், மீனை விட்டார். கடலூரில் பிறந்தவன் வஞ்சிரத்தை விட்டதே பெரிய துறவு, இதற்குமேல் காடு மலைக்கெல்லாம் போக வேண்டியதில்லை என்று என் அப்பா அவரைக் கேலி செய்வார். மாமாவும் சிரித்துக்கொள்வார்.

வடலூருக்குப் போய்வருகிறவர்களுக்குக் கரிசலாங்கண்ணி வெறும் கீரை இல்லை. ரத்தம் ஊறும், கண் தெளியும், ஈரல் சுத்தமாகும் என்று அவர்கள் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். மாமாவோ பேச்சோடு நிற்காமல் நிலம் முழுக்க அதையே வைத்தார். கம்பெனி மூடிய பிறகு அதுவே அவருடைய முழுநேர வேலையானது. ஊரில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று காதில் விழுந்தால் போதும், மறுநாள் வாழைநாரில் கட்டிய கீரைக்கட்டோடு அந்த வீட்டு வாசலில் நிற்பார். அந்நியப் பெண்களைத் தொட மாட்டார். வெளிச்சத்துக்கு வரச்சொல்லி, அவர்களையே இமையை இழுத்துக் காட்டச் சொல்லி, எட்டி நின்று பார்ப்பார். பாசிப்பருப்பு போட்டுக் கடையச் சொல்வார், புளி சேர்க்காதே என்பார். ஒரு பைசா வாங்க மாட்டார். அந்த ஊரில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அவர் கீரையைத் தின்ற வயிற்றிலிருந்து வந்தவர்கள். பெண்கள் அவரைக் கீரை மாமா என்று கூப்பிட்டார்கள். மருந்து அடிக்காத கீரை என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. பூச்சி தின்ற ஓட்டையைக் காட்டி, பூச்சியே சர்டிபிகேட் கொடுத்திருக்கிறது பார் என்பார்.

அந்த ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர்களுக்கு மூக்கு அதிகம். பேட்டைக்குப் பக்கத்தில் பல வருஷம் வாழ்ந்ததில், காற்றில் வருவதை மோந்து பார்த்தே அது எந்தப் பக்கத்துக் கம்பெனியிலிருந்து வருகிறது, மழைக்கு முன் திறந்துவிட்டதா பின் திறந்துவிட்டதா என்று சொல்வார்கள். இன்றைக்கு அழுகின முட்டை, நேற்று நகப்பூச்சு, போன வாரம் பலாப்பழம் என்று சமையல் சொல்வதுபோலச் சொல்வார்கள். வாசனை பார்த்துத்தான் ஜன்னலைச் சாத்துவார்கள், வாசனை பார்த்துத்தான் துணி காயப்போடுவார்கள். நாற்றம் வந்த கிணற்றை விட்டுவிட்டு வேறு இடத்தில் போர் போடுவார்கள். சிதம்பரத்திலிருந்து போகும் நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டால் மாமா சிரிப்பார். "பொத்தாத பாப்பா. மூக்குதான் நமக்கு மீட்டர். அதை மூடிட்டா என்னா வருதுன்னு எப்படித் தெரியும்?" என்பார். நாற்றம் இருந்தால் விஷம், இல்லையென்றால் இல்லை. அவர்கள் பிழைத்து வந்ததே அந்தக் கணக்கில்தான். அதில் பிழை இருக்கும் என்று நினைக்க அவர்களுக்கு ஒரு காரணமும் கிடைத்ததில்லை.

நிலத்தை ஒட்டி ஒரு ஓடை. பேட்டைத் தண்ணீர் அதில் கலக்கிறது என்பது ஊருக்கே தெரியும். மாமா அந்தத் தண்ணீரைத் தொட மாட்டார். போர்த் தண்ணீர்தான் பாய்ச்சுவார். ஆனால் கோடையில் ஓடை வற்றியதும் அடியில் கிடக்கும் வண்டலை விட மாட்டார். தாத்தா காலத்திலிருந்து வண்டல் அடித்துத்தான் அந்த நிலம் விளைந்தது. அதைத் தொடுவதற்கும் மாமா ஒரு முறை வைத்திருந்தார். வண்டலைக் கூடை கூடையாகக் கரையேற்றிக் கத்திரி வெயிலில் பரப்புவார். நாள்தோறும் மண்வெட்டியால் புரட்டிப் புரட்டிக் காயவைப்பார். ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் நொறுக்கி மோந்து பார்ப்பார். கொஞ்சம் நெடி இருந்தாலும் இன்னும் காயட்டும் என்று விட்டுவிடுவார். கடைசியில் வெறும் மண் வாசனை மட்டும் வரும்போது, என்னையும் மோந்து பார்க்கச் சொல்லி நீட்டுவார். "எல்லாம் வெயில்ல போயிடுச்சு. இனிமே இது மண்ணுதான்." பிறகுதான் அது பாத்திக்குப் போகும். நானும் பலமுறை மோந்து பார்த்திருக்கிறேன். மண் வாசனையைத் தவிர வேறெதுவும் அதில் இருந்ததில்லை.

நான் படித்து முடித்துச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மண்ணையும் இலையையும் காயவைத்து, பொடித்து, அமிலத்தில் கரைத்து, என்னென்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று கருவியில் பார்த்துச் சொல்லும் வேலை. கல்யாணமும் சிதம்பரத்திலேயே ஆனது. நான் உண்டான செய்தி கேட்டதும் மாமாவின் கீரைக்கட்டு வாரம் தவறாமல் பஸ் ஏறத் தொடங்கியது. கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்வார். நான் பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொள்வேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் குறைவு என்றார்கள். மாமாவிடம் சொன்னேன். கட்டு பெரிதானது. அடுத்த மாதமும் ஏறவில்லை. வாரத்துக்கு ஒன்று என்பது இரண்டானது. அத்தைக்கு நடந்தது எனக்கு நடக்கக் கூடாது என்று அவர் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. கட்டின் கனத்தில் அது தெரியும்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. தாய்மாமன் சீர் வரிசையில் பழம், பலகாரம், புடவை, வளையல் என்று தட்டுகள் வந்து இறங்கின. கடைசித் தட்டில் நீர் தெளித்த கரிசலாங்கண்ணி, ஒரே அளவாக வெட்டி, நாரில் கட்டி, மேலே ஒரு குங்குமப்பொட்டு. என் நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்த சீருக்குக் கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் வருமா என்று யாரோ கேட்டார்கள். மாமா அசரவில்லை. தட்டை என் மடியில் வைத்து, எல்லோர் முன்னாலும் என் இமையை இழுத்துப் பார்த்து, முகம் வாடி, "இன்னும் கொஞ்சம் சாப்புடு பாப்பா" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இவ்வளவு பேரில் என் ரத்தத்தைப் பற்றிக் கவலைப்பட ஒரு ஆள் இருக்கிறாரே என்று.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அப்போது ஒரு மாணவி, தொழிற்சாலைகளை ஒட்டி விளையும் கீரைகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். சந்தையிலும் வயலிலும் வாங்கிவந்ததெல்லாம் மோசமாக இருக்கிறது என்று நொந்துபோயிருந்தாள். நான் வீம்பாக அந்தச் சீர்த்தட்டுக் கீரையில் ஒரு கைப்பிடி கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். எங்கள் மாமா பேட்டைக்குப் பக்கத்திலேயேதான் வைக்கிறார், போர்த் தண்ணீர், மருந்தே கிடையாது, மனசு வைத்தால் அங்கேயும் சுத்தமாக விளைவிக்கலாம் என்று உன் ஆராய்ச்சியில் எழுது என்றேன். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிற உனக்கு முன்பே தோன்றவில்லையா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். தோன்றவில்லை. தாய்மாமன் கொண்டுவந்து மடியில் வைப்பதைச் சோதித்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

முடிவு வந்தபோது அந்தப் பெண் பெயர்ச்சீட்டு மாறியிருக்கும் என்றாள். அவள் எடுத்த எல்லாக் கீரைகளையும்விட அதில்தான் உலோகம் அதிகம். மறுபடி செய்தாள். நானே பக்கத்தில் நின்று, காய்ச்சி வடித்த நீரில் அலசி, என் கையாலேயே பொடித்துக் கொடுத்தேன். கருவிக்கு உறவுமுறை தெரியாது. காரீயம் இருந்தது, காட்மியம் இருந்தது. ஆராய்ச்சிக்கு என்று சொல்லி மாமாவிடமிருந்தே போர்த் தண்ணீரும் பாத்தி மண்ணும் வரவழைத்துப் பார்த்தோம், தண்ணீரில் பெரிதாக ஒன்றுமில்லை. பாத்தி மண்ணில்தான் இருந்தது, அத்தனையும் வண்டல் வழி வந்தது. வெயிலில் காய்ந்து போனது நாற்றம் மட்டும்தான். உலோகம் எங்கும் போகாமல் மண்ணிலேயே கிடந்து, வேர் வழியாக ஏறி இலைக்கு வந்திருக்கிறது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். என் ரத்தத்திலும் காரீயம் இருந்தது. டாக்டரம்மா கீரையை உடனே நிறுத்தச் சொன்னார். குழந்தைக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். பிறக்கட்டும், பார்ப்போம் என்றார்.

போனில் சொல்லும் விஷயமாக அது இல்லை. நிறைமாதத்தை நெருங்கும் வயிற்றோடு பஸ் ஏறினேன். மாமா பாத்தியில் குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, இந்த நிலையில் எதற்கு அலைகிறாய் என்று கடிந்துகொண்டே வந்தார். கட்டைவிரல் வழக்கம்போல என் கண்ணுக்கு நீண்டது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லி முடித்தேன். அவர் கோபப்படவில்லை, மறுக்கவும் இல்லை. குனிந்து ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"மோந்து பாரு. ஒண்ணும் இல்லியே."

"அதுக்கு வாசனை கெடையாது மாமா."

அந்த வார்த்தை அவருக்கு உடனே பிடிபடவில்லை. வாசனை இல்லாத விஷத்தை அந்த ஊரில் யார் கண்டது? நன்றாக அலசினால் போகாதா என்று கேட்டார். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால், மஞ்சள் போட்டு வேகவைத்தால் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இலைக்கு மேலே இல்லை, இலைக்குள்ளே இருக்கிறது என்றேன். ஈயச்சொம்பில் ரசம் வைக்கிறோமே, அந்த ஈயமா என்றார். அது வெள்ளீயம், இது பேட்டரியில் இருக்கிற காரீயம் என்றேன். என் வயிற்றைப் பார்த்தார்.

"உள்ள போனா என்னா பண்ணும்?"

அந்தக் கேள்வி வரும் என்று பஸ்ஸில் வரும்போதே எனக்குத் தெரியும். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தும் வந்தேன். கடைசியில் ஒரே விதமாகத்தான் சொல்ல முடிந்தது.

"ரத்தத்த ஊற விடாது மாமா."

அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கறுத்த விரல்களை விரித்துப் பார்த்தார், வேட்டியில் துடைத்தார், மறுபடி பார்த்தார். என்னைப் போகச் சொன்னார். நான் போகவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவர் அழவில்லை. அத்தை செத்தபோது அழுதவர் அன்றைக்கு அழாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாளிலிருந்து அவர் வீடு வீடாகப் போனார். எந்த வாசலில் எல்லாம் கட்டோடு நின்றாரோ அந்த வாசலில் எல்லாம் வெறுங்கையோடு நின்று, என் கீரையில் விஷம் இருக்கிறது, சாப்பிடாதீர்கள், சாப்பிட்டவர்கள் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று சொன்னார். திட்டுவார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருக்கிறார். ஒருத்தி கூடத் திட்டவில்லை. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். பேட்டைக்காரன் எவனோ உங்களைக் குழப்பிவிட்டான் என்றார்கள். ஒரு பெண் தன் மகனை இழுத்து அவர் முன்னால் நிறுத்தி, "இவன் ஒங்க கீரையிலதான் மாமா பொறந்தான். இவனுக்கு என்னா கொறச்சல்?" என்றாளாம். அந்தப் பையன் நன்றாகத்தான் இருந்தான். திட்டியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பேன் பாப்பா என்று மாமா என்னிடம் சொன்னார். அவர்கள் விடாமல் அன்பாக இருந்ததுதான் அவரை உடைத்தது.

வேண்டாம் என்று சொல்லியும் சிலர் அவர் இல்லாத நேரத்தில் பாத்தியில் இறங்கிக் கிள்ளிக்கொண்டு போனார்கள். அதனால் மாமா அத்தனையையும் பிடுங்கிப்போட்டார். வாடிய செடிகளின் குவியல் இடுப்புயரம் நின்றது. அதை என்ன செய்வது என்று எனக்குப் போன் செய்தார். எரிக்கலாமா என்றார். கூடாது, புகையிலும் சாம்பலிலும் இருக்கும் என்றேன். மாட்டுக்கு? கூடாது. மக்கவைத்து எருவாக்கினால்? திரும்ப மண்ணுக்கே போகும் என்றேன். "பின்ன எங்கதான் போடறது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. எங்கள் பேராசிரியரைக் கேட்டேன், அவரும் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மாமா காத்திருக்கவில்லை. அந்தப் பக்கத்தில் தண்ணீர் பிடித்துவைக்க எல்லா வீட்டிலும் இருக்குமே, நீல பிளாஸ்டிக் டிரம், அதில் இரண்டை வாங்கி, காய்ந்த செடியை மிதித்துத் திணித்து, மூடி போட்டு இறுக்கி வீட்டுக்குள் உருட்டி வைத்தார்.

நான் அப்போது பேச்சுவாக்கில் ஒன்று சொல்லியிருந்தேன். சில செடிகளுக்கு உலோகத்தை மண்ணிலிருந்து உறிஞ்சும் குணம் அதிகம், வளர்த்து வளர்த்துப் பிடுங்கினால் மண்ணில் அந்த அளவு குறையும் என்று. ஆறுதலுக்காகத்தான் சொன்னேன். மாமா அதைப் பிடித்துக்கொண்டார். அடுத்த மழைக்கு அதே பாத்தியில் அதே கரிசலாங்கண்ணியை நட்டார். நன்றாகத் தழைக்கவிட்டு, பூக்கும் பருவத்தில் வேரோடு பிடுங்கி, காயவைத்து, டிரம்மில் அடைத்தார். திரும்ப நட்டார். ஓடை வண்டலை அதற்குப் பிறகு அவர் தொடவே இல்லை. அவ்வப்போது கொஞ்சம் மண்ணைப் பொட்டலம் கட்டிப் பஸ்ஸில் அனுப்புவார், கீரைக்கட்டு வந்ததே, அதே பஸ்ஸில். நான் பார்த்துச் சொல்வேன். ஒரு தடவை உண்மையைச் சொன்னேன். குறைகிறதுதான் மாமா, ஆனால் இந்த வேகத்தில் போனால் இந்த மண் சுத்தமாக உங்கள் காலமும் போதாது, என் காலமும் போதாது, என் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் ஆகும் என்றேன். "அதனால என்னா? அவுங்களும் திங்கணுமில்ல" என்றார்.

பாத்தியைச் சுற்றி முள்வேலி போட்டார், மேலே வலை கட்டினார். ஆடு வந்தால் விரட்டினார், பெண்கள் வந்தால் விரட்டினார். ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், இவ்வளவு கீரையை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஒரு கைப்பிடி கொடுக்க மனசில்லாத கிழவன் என்று பேசிக்கொண்டார்கள். கஞ்சன் என்று அவர் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். யாரிடமும் அவர் விளக்கம் சொல்லப் போகவில்லை. வடலூர் போவதையும் குறைத்துக்கொண்டார். போனாலும் பந்தியில் உட்கார மாட்டார், பரிமாறவும் மாட்டார். எச்சில் இலை எடுத்துவிட்டு வந்துவிடுவார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. விஷத்தைக் கொட்டியவன் எவனோ நிம்மதியாகத் தூங்குகிறான், ஒரு பைசா வாங்காமல் கொடுத்த மனிதன் எதற்காக இப்படித் தன்னைத் தண்டித்துக்கொள்ள வேண்டும்? சொன்னேன். என் கையால் கொடுத்ததை எவன் கையால் கொடுத்ததாக நான் நினைத்துக்கொள்வது என்று கேட்டார்.

மகள் பிறந்தாள். எடை கொஞ்சம் குறைவு, மற்றபடி எந்தக் குறையும் இல்லை. மாமா வந்து தொட்டிலுக்கு எட்டி நின்று பார்த்தார். தூக்கச் சொன்னோம், கையில் கறை இருக்கிறது என்றார். குழந்தை வளர்ந்த பிறகும் அப்படித்தான், மிட்டாய் வாங்கிவந்து மேஜைமேல் வைப்பார், அவள் கையில் கொடுக்க மாட்டார். அவள் பேசத் தாமதமானது. பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படிக்க மற்றப் பிள்ளைகளைவிடத் திணறுகிறாள் என்கிறார்கள். அடிக்கடி ரத்தமும் குறைகிறது. டாக்டர்களிடம் கேட்டேன். பல காரணம் இருக்கலாம் என்கிறார்கள். அந்தக் கீரைதான் என்று ஒருவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் ஒருவரும் சொல்லவில்லை. மாமாவிடம் நான் இதையெல்லாம் சொன்னதில்லை. ஆனால் அவள் பாடப் புத்தகத்தை விரல்வைத்துத் தடுமாறிப் படிக்கும்போது அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

கடைசியாக நாங்கள் அவரைப் பார்க்கப் போனது போன கோடையில். கண்ணில் புரை விழுந்து, ஆபரேஷனுக்கும் ஒத்துக்கொள்ளாமல், கட்டிலோடு இருந்தார். அறைக்குள் நுழையவே இடமில்லை. சுவரோரம் எல்லாம் நீல டிரம்கள், கட்டில் அவற்றுக்கு நடுவே. மகள் நேராகக் கட்டிலுக்குப் போனாள். தினமும் நான் அவளுக்குச் செய்வதை அவள் அவருக்குச் செய்தாள். சின்னக் கட்டைவிரலால் அவர் கீழிமையை இழுத்து, குனிந்து பார்த்து, "தாத்தா, ஒங்களுக்கு வெளுத்துருக்கு" என்றாள். அந்த நிலத்துக் கீரையை எங்கள் எல்லோரையும்விட அதிக வருஷம் தின்றவர் அவர்தான். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தும் எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. இப்போது என்னுடையதைப் பாருங்கள் என்று அவள் முகத்தை அவர் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள். அவர் கையை இழுத்துக்கொண்டார். அவள் விடவில்லை. அந்தக் கட்டைவிரலைப் பிடித்துத் தன் கண்ணுக்குக் கீழே தானே வைத்துக்கொண்டாள்.

இமையை இழுத்தார். நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"எனக்குத் தெரியல பாப்பா. நீ சொல்லு. செவப்பா இருக்கா?"

அன்றைக்கு அவள் இமை எப்படி இருந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். "நல்லா செவப்பா இருக்கு மாமா" என்றேன். அவர் கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போனது. அவளை அருகே இழுத்துத் தலையில் கைவைத்தார். பிறந்ததிலிருந்து அவர் அவளைத் தொட்டது அந்த ஒரு நாள்தான்.

ஆடிக்கு முன்பே போய்விட்டார். வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. நிலத்தை வாங்க ஆட்கள் வருகிறார்கள், வீட்டைத் திறந்து காட்டியதும் இந்த டிரம்களில் என்ன என்று கேட்கிறார்கள், சொன்னதும் போய்விடுகிறார்கள். பின்ன எங்கதான் போடறது என்று அவர் கேட்டதற்கு இன்றுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை. பேராசிரியரும் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். மாமா கடைசியாக நட்ட பாத்தி யாரும் பிடுங்காமல் தழைத்துக் கிடக்கிறது. முள்வேலி சாய்ந்துவிட்டது. போன முறை போனபோது கொஞ்சம் இடத்தில் கீரை கிள்ளப்பட்டிருந்தது. கொண்டுபோனது யார், எந்த வயிற்றுக்கு என்று தெரியாமல், நின்ற இடத்திலேயே குந்திக் கைக்கு எட்டியவரை பிடுங்கினேன். என் நகத்தைச் சுற்றியும் கறை ஏறியது. சனிக்கிழமைகளில் போய் மிச்சத்தையும் பிடுங்கிவருகிறேன். இன்னும் முடியவில்லை.

இன்றைக்குக் காலையிலும் மகளை ஜன்னலோரம் நிறுத்தினேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. அவள் தலையைச் சாய்த்துக் கண்ணை மேலே உருட்டினாள். கறை படிந்த என் விரலைப் பார்த்து முகம் சுளித்தாலும் விலகவில்லை. "செவப்பா இருக்காம்மா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். கீழே வேன் ஹாரன் அடித்தது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். படிக்கட்டில் அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, இன்னொரு தரம் பார்த்துவிடுகிறேன் என்றேன்.